வலது பின் விளக்கு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் மின் பராமரிப்பு வேலை எனக்கு. இருபத்தோரு வருடமாக அதே மில், அதே கேட். விபத்து அந்தக் கேட்டுக்கு நேர் எதிரில், காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு நடந்தது.

மில்லுக்குள் போகக் காரை வலது பக்கம் திருப்ப சிக்னல் போட்டேன். எதிரே கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது கடக்கட்டும் என்று பிரேக்கில் காலை வைத்தபடி நடுரோட்டில் நின்றேன். அது போனதும் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். கார் ஒரு கஜம் நகர்ந்திருக்கும். பின்னாலிருந்து வலப்பக்கமாக முந்தி வந்த ஸ்கூட்டர் முன் மட்கார்டில் இடித்துச் சாய்ந்தது. ஓட்டி வந்த பெண் வலது கையை ஊன்றி விழுந்தார்.

முப்பது வயதுக்கு உட்பட்டவர். பக்கத்து பிளாஸ்டிக் கம்பெனியின் நீலச் சட்டை போட்டிருந்தார். தூக்கி உட்காரவைத்தபோது அழவில்லை. மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, "சிக்னல் போடாம திரும்பிட்டீங்களே சார்" என்றார்.

போட்டேன் என்று சொன்னேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. டாஷ்போர்டில் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்ததைப் பார்த்திருந்தேன்; டிக் டிக் சத்தமும் கேட்டது. எங்கள் கேட்டில் நின்ற செக்யூரிட்டி ஓடிவந்து அதையே சொன்னார். சார் சிக்னல் போட்டு ரொம்ப நேரமாக நின்றார், தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். டீக்கடையில் நின்றிருந்த நாலு பேர் கூடினார்கள். நடுரோட்டில் சிக்னல் போட்டு நிற்கும் காரை வலப்பக்கமாக முந்தலாமா என்று ஒருவர் அந்தப் பெண்ணைக் கேட்டார். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களைப் பற்றி இன்னொருவர் பொதுவாக ஏதோ சொன்னார். ஐந்து நிமிடத்தில் தப்பு யார் பக்கம் என்று முடிவாகிவிட்டது.

எங்கள் மில்லின் ஆம்புலன்சை வரவழைத்தேன். ஏறும்போது அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"நான் பொய் சொல்லல சார். பிரேக் லைட்டு எரிஞ்சிது. அத பாத்தேன். யாரையோ எறக்கி உட நிக்கிதுனு நெனச்சேன். சிக்னல் எரியல."

மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். மாலையில் அவருடைய கணவர் என்னோடு போனில் பேசினார். அவர் டிப்பர் லாரி ஓட்டுபவர். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். மாறாக, தப்பு தன் வீட்டு ஆள் மேல்தான், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்ததே பெரிய விஷயம் என்றார். நானும் பரவாயில்லை என்றேன். விஷயம் அதோடு முடிந்தது.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைவிட வயது மூத்த கார். உருண்டையான முகப்பு, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். பள்ளிப்பட்டில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக் கொட்டகையில் உர மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தது. மில்லில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லித்தான் பார்க்கப் போனேன். எனக்குப் பழைய பொருள்கள் மேல் பெரிய ஆசை கிடையாது. ஆனால் அந்தக் காரில் உள்ள மின்சார வேலை முழுவதையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். பேட்டரி, சுவிட்ச், பல்பு, நாலைந்து ஃபியூஸ். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மில்லில் அடுத்தடுத்து நிற்கும் பேனல்களுக்கு நடுவில் நாளெல்லாம் கழிப்பவனுக்கு அது ஒரு ஓய்வாக இருக்கும் என்று தோன்றியது. வாங்கினேன். திருவள்ளூரில் ஒரு ஷெட்டில் விட்டு டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்து, வாரத்தில் ஓரிரு நாள் வேலைக்கும் ஓட்டிவந்தேன்.

பெயின்ட் அடித்து வந்ததிலிருந்து சிக்னலில் ஒரு குறை இருந்தது. இடது பக்கம் போட்டால் ஒழுங்காக மின்னும். வலது பக்கம் போட்டால் சில நேரம் வேகம் மாறும், சில நேரம் எரிந்தபடியே நின்றுவிடும். சிக்னலை மின்னவைப்பது ஃபிளாஷர் என்ற சின்ன டப்பா. பழைய மாடல் ஃபிளாஷருக்குள் ஒரு தகடு இருக்கும். மின்சாரம் ஓடும்போது சூடாகி வளையும், தொடர்பு விடும், ஆறி மறுபடி ஒட்டும். எனக்கு அது தெரியும். டப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, கடையில் புதிதாக ஒரு எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கடிகாரம் மாதிரி ஒரே சீராக மின்னியது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது.

விபத்து நடந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே காரைச் சோதித்துப் பார்த்தேன். அந்தப் பெண் மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் பக்கம் சரி என்பதை எனக்கே ஒருமுறை உறுதிசெய்துகொள்ளத்தான். வாசலில் நிறுத்தி, வலது சிக்னலைப் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மங்கல்தான். பழைய கண்ணாடி, பழைய பிரதிபலிப்பான், அப்படித்தான் இருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் பிரேக் லைட் எரிந்தது என்று சொன்னது மனதில் நின்றுவிட்டது. தப்பை மறைக்க நினைப்பவர் பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை என்றுதான் சொல்வார். எனக்குச் சாதகமான ஒன்றை ஒத்துக்கொண்டு இன்னொன்றை மறுக்க மாட்டார். மில்லில் பழுது வரும்போது மெஷின் ஓட்டுபவர் சொல்வதை நான் எப்போதும் குறித்துக்கொள்வேன். அவர்களுக்குக் காரணம் தெரியாது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார்கள்.

அடுத்த மூன்று ஞாயிறு அதிலேயே போனது. வலது பின் பல்பை மாற்றினேன். பல்பு உட்காரும் ஹோல்டரைச் சுரண்டினேன். ஸ்டீயரிங் கழுத்தில் உள்ள சிக்னல் சுவிட்சைக் கழற்றி, முனைகளைத் துடைத்து மாட்டினேன். டிக்கிக்குள் ஓடும் வயரை முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். மீட்டர் வைத்து அளந்தேன். பல்புக்குப் பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சிக்னல் போட்டு, இறங்கி, பின்னால் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மின்னியது. நானூற்று நாற்பது வோல்ட்டில் வேலை செய்கிற ஆள் ஒரு பன்னிரண்டு வோல்ட் விளக்கின் முன்னால் இப்படிக் குந்திக்கொண்டிருப்பதை எதிர்வீட்டுக்காரர் வாராவாரம் வேடிக்கை பார்த்தார்.

என் மனைவி தனியார் பள்ளியில் கணக்கு சொல்லித்தருபவர். விளக்கு எரிகிறது என்று தெரிந்த பிறகு இன்னும் என்ன தேடுகிறேன் என்று கேட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு, போய்ப் போய் வர அலுத்து, மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். எங்கள் வாசல் தெருவை நோக்கிக் கொஞ்சம் சரிவானது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சுவிட்சை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு நான் பின்னால் வந்து குந்தினேன். போடச் சொன்னேன். மின்னியது. ஐந்தாறு முறை மின்னிவிட்டு அணைந்துபோனது. அதே இடத்தில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

சுவிட்சை ஏன் அணைத்தாய் என்று கேட்டேன்.

"நான் அணைக்கலிங்க. டிக் டிக்குனு கேட்டுக்கினேதான் இருக்குது. வண்டி உருளுற மாதிரி இருந்திச்சி, அதான் பிரேக்க அழுத்திக்கினேன்."

காலை எடுக்கச் சொன்னேன். சிக்னல் மின்னியது. அழுத்தச் சொன்னேன். அணைந்தது. எடுக்க, அழுத்த. பத்து முறை பார்த்திருப்பேன். முன்னால் போய்ப் பார்த்தேன். முன் விளக்கு எந்தக் குறையும் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி கேட்டிலிருந்து பார்த்தது இந்த விளக்கை. அந்தப் பெண் பார்த்தது பின் விளக்கை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

காரணம் அதற்குப் பிறகு கால்மணி நேரத்தில் கிடைத்தது. பின் விளக்கில் உள்ள எல்லா பல்புகளுக்கும் மின்சாரம் திரும்பிப் போகும் வழி ஒன்றுதான். விளக்கை பாடியோடு சேர்க்கும் ஒரு போல்ட். அதைத்தான் எர்த் என்கிறோம். பெயின்ட் அடித்தவர்கள் போல்ட்டுக்கு அடியிலும் சேர்த்து அடித்திருந்தார்கள். அதற்கு மேல் துருவும் ஏறியிருந்தது. ஒரு பல்பு மட்டும் எரிந்தால் அந்த இடுக்கு வழியே எப்படியோ சமாளித்தது. பிரேக் பல்பும் சேர்ந்து எரிந்தபோது சிக்னலுக்கு வழி இல்லாமல் போனது. நான் அளந்தபோதெல்லாம் மீட்டரின் ஒரு முனையை பாடியில் வேறு நல்ல இடத்தில் வைத்து அளந்தேன். அதனால் குறை பிடிபடவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. பழைய ஃபிளாஷர் கெட்டுப்போயிருக்கவில்லை. பல்பு ஒழுங்காக மின்சாரம் இழுக்காவிட்டால் அதன் வேகம் மாறும். வேகம் மாறியே அது சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒரே சீராக டிக் டிக் என்று சொல்கிற ஒன்றை மாட்டியிருந்தேன். மில்லில் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்கிற முதல் பாடம், மெஷின் எந்த நிலையில் பழுதாகிறதோ அதே நிலையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது. சிக்னல் போட்டுத் திரும்புகிற எவனும் பிரேக் பிடிப்பான். ஒரு மாதமாக நான் பிரேக் பிடிக்காமல் சோதித்திருக்கிறேன்.

கையோடு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புது வாஷர் போட்டு முறுக்கினேன். விளக்கு அதுவரை நான் பார்த்திராத பிரகாசத்தில் மின்னியது. பிரேக் பிடித்தும் மின்னியது. மனைவி இறங்கிவந்து பார்த்தார். "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான் அப்ப" என்றார்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஷிப்ட் மாறியது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் மறந்துவிட்ட விஷயம். அவருடைய கணவரே தப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார். போய்ச் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று வேலைக்குப் போகும்போதெல்லாம் யோசித்தேன். ஒரு நாள் காலை கேட் அருகே ஷேர் ஆட்டோவிலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்தேன். கட்டு பிரித்துவிட்டார்கள், வேலைக்கு வரத் தொடங்கிவிட்டார். ஸ்கூட்டரில் வரவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி வேகமாக உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிறு போனேன். மாதர்பாக்கம் போகிற வழியில் உள்ளடங்கிய ஊர். வீட்டின் முன் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் நின்றது. மேலே சாக்கு போட்டுக் கயிறு கட்டியிருந்தது. கணவர் வெளியே வந்தார். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். சிக்னல் எரியவில்லை, உங்கள் மனைவி சொன்னதுதான் சரி, தப்பு என் காரில்.

அவர் நம்பவில்லை. கோபமும் படவில்லை. நான் ஏன் வந்திருக்கிறேன் என்பதைத்தான் யோசித்தார். கை இன்னும் சரியாகவில்லை என்று யாராவது என்னிடம் சொன்னார்களா, கம்பெனியில் யாராவது போகச் சொன்னார்களா என்று கேட்டார்.

"செக்கூர்ட்டி பாத்தேன்னாரு, நாலு பேரு பாத்தாங்க. நானும் வண்டி ஓட்றவன் சார். இண்டிகேட்டரு எரிஞ்சா எல்லாப் பக்கமும் எரியும். முன்னால எரிஞ்சிக்கினு பின்னால மட்டும் எப்டி சார் நின்னுபூடும்? அவ மனசு கஷ்டப்படுதுனு சொல்றீங்க. உடுங்க சார்."

அந்தப் பெண் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காட்டலாம் என்றால் காரில் இப்போது குறை இல்லை. நானே சரிசெய்துவிட்டேன். டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். பளபளவென்று தேய்த்து மாட்டிய போல்ட்டைத் தளர்த்தி, ஒரு நோட்டுத்தாளை மடித்து அடியில் வைத்து, அதன் ஓரம் மட்டும் உலோகத்தைத் தொடும்படி செய்தேன். இருபத்தோரு வருடத்தில் ஓடுகிற ஒன்றை வேண்டுமென்றே கெடுத்தது அதுதான் முதல் தடவை. கணவரை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பின்னால் வந்து நிற்கச் சொன்னேன். வெயில் அடித்ததால் என் துண்டை விளக்குக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டேன்.

வலது சிக்னலைப் போடச் சொன்னேன். விளக்கு மங்கலாக மின்னியது. பிரேக்கை அழுத்தச் சொன்னேன்.

அணைந்தது.

"நின்னுபூச்சி" என்றார் அந்தப் பெண். கணவருக்குக் கேட்கிற மாதிரி, சத்தம் போடாமல், ஆனால் தெளிவாக.

"எனக்கு எரியுதே, பச்சை லைட்டு எரியுதே" என்றார் கணவர் உள்ளிருந்து.

"நீயே வந்து பாரு."

இடம் மாறினோம். நான் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்தேன். அவர் பின்னால் போனார். கண்ணாடியில் அவரைப் பார்க்க முடிந்தது. குனிந்து பார்த்தார். நான் காலை எடுத்து மறுபடி வைத்தேன். அவர் நிமிரவில்லை. முன்னால் போய் முன் விளக்கைப் பார்த்தார். திரும்பப் பின்னால் வந்தார். தன் டிப்பரில் இதுபோல் ஒருமுறை ஹெட்லைட்டைப் போட்டபோது ஹாரன் முனகியது என்று என்னிடம் சொன்னார். அப்போதும் எர்த்துதான் என்றாராம் மெக்கானிக். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நீ சொன்னது இதானா?"

"இதத்தான் சொன்னேன்."

கணவர் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் தாளை எடுத்துப் போட்டுவிட்டு போல்ட்டை மறுபடி முறுக்கினேன். அவர் பக்கத்தில் குந்தி ஸ்பேனரை வாங்கி, கடைசி முறுக்கைத் தானே போட்டார்.

கிளம்பும்போது அந்தப் பெண் கார் வரைக்கும் வந்தார். அவர் கம்பெனியில் மாதம் ஒருமுறை பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். அதில் அவருடைய விபத்தை உதாரணமாகச் சொன்னார்களாம். பெயர் சொல்லவில்லை, ஆனால் கையில் அடிபட்டு ஆறு வாரம் வராமலிருந்து திரும்பியவர் அவர் ஒருவர்தான். சிக்னலைக் கவனிக்காமல் முந்தினால் என்ன ஆகும் என்று அதிகாரி சொல்ல, நூறு பேர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"அங்கயும் வந்து சொல்வீங்களா சார்?" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

அப்போது அவர் ஒன்று சொன்னார். "நீங்க வரலன்னா நானும் அப்டியே நம்பியிருப்பேன் சார். எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாந்தான் சரியா பாக்கலயோனு கொஞ்ச நாளா நெனச்சிக்கினு இருந்தேன்."

மறுநாளே வந்து சொல்கிறேன் என்றேன். காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவருடைய கம்பெனிக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரி என்னைவிட மிகவும் இளையவர். பொறுமையாகக் கேட்டார். எழுதித்தர முடியுமா என்றார். பழுது என்ன, எந்த நிலையில் வரும், யார் எதைப் பார்த்தார்கள் என்று மில்லில் எழுதும் பழுது அறிக்கை மாதிரியே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். எங்கள் கேட் செக்யூரிட்டியிடமும் சொன்னேன். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தன் கண்ணால் பார்த்ததாகவே சொன்னார். அவர் சொல்வதும் பொய் இல்லை என்பதால் நான் வாதாடவில்லை.

அடுத்த கூட்டத்தில் என் கடிதத்தைப் படித்தார்களாம். இதைக் கணவர்தான் சொன்னார். ஒரு நாள் ரயில்வே கேட்டில் என் காருக்குப் பக்கத்தில் அவருடைய டிப்பர் நின்றது. மேலிருந்து எட்டிப் பார்த்து, அவள் இப்போது வண்டி எடுக்கிறாள் என்றார். கை முழுக்க மடங்கவில்லை, காலைக் குளிரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் வலிக்கிறது, அதனால் மார்கழி மட்டும் தானே கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். இவ்வளவுதான் வரும் என்று சொல்லிவிட்டாராம். அதற்குள் கேட் திறந்துவிட்டது. அவர் முதலில் போகட்டும் என்று நான் வழிவிட்டேன்.